எச்சில் வற்றிய வாய்

பல் மருத்துவர்களுக்கு எச்சில் ஓர் இடைஞ்சல். காலையில் முதல் நோயாளி நாற்காலியில் சாய்ந்த நிமிடத்திலிருந்து அதோடுதான் மல்லுக்கட்டுகிறோம். கன்னத்துக்குள் பஞ்சை அடைக்கிறோம், உறிஞ்சுகுழாயை நாக்குக்கு அடியில் மாட்டுகிறோம், வைத்த சிமெண்ட் ஈரம் பட்டுக் கெட்டுப்போனால் சலித்துக்கொள்கிறோம். முப்பது வருடத்துக்கு மேல் நானும் அப்படியே சலித்துக்கொண்டவள்தான். புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் இளம் பல் மருத்துவர்களான உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டபோது, எச்சிலே இல்லாத ஒரு வாயைப் பற்றித்தான் எனக்கு எழுதத் தோன்றியது. கள்ளக்குறிச்சியில் அரசுப் பணியில் இருந்த கடைசி வருடங்களில் நான் பார்த்த வாய் அது.

அஞ்சலை கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சிற்றூரில் சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். பின்னால் அவருடைய கணவர் அண்ணாமலை வந்தார். அதிகம் பேசாத மனிதர்.

என்ன தொந்தரவு என்று கேட்டேன். அஞ்சலை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பல்லை எடுத்து மேசையில் வைத்தார். கீழ்வரிசை முன்பல். வேரோடு விழுந்தது இல்லை. ஈறு மட்டத்தில் முறிந்திருந்தது. களியை வாயில் போட்டபோது வலியே இல்லாமல் வந்துவிட்டதாக அண்ணாமலை சொன்னார். களியில் முறிகிற பல்லா இது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அஞ்சலை ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார்.

"பல்லுக்கு மருந்து வாணாங்க. எனக்கு இன்னும் எத்தினி நாளு இருக்குதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முந்தைய வருடம் அவருக்குத் தொண்டையில், உள்நாக்குக்குப் பக்கத்தில் புற்று வந்திருக்கிறது. விழுங்க முடியாமல் போனதால் அவசரமாக வெளியூர்ப் பெரிய மருத்துவமனைக்குப் போய், வாரக்கணக்கில் தங்கிக் கதிர்வீச்சு எடுத்திருக்கிறார்கள். கட்டி கரைந்துவிட்டது. முதல் பரிசோதனைகளிலும் நல்ல செய்திதான். ஆனால் சில மாதங்களில் பற்கள் ஈறோரத்தில் பழுப்பேறி, பிறகு கறுத்து, ஓரம் ஓரமாக உதிரத் தொடங்கின. அவர்கள் ஊரில் ஒருவர் வாய்ப்புற்றால் இறந்துபோனார். அவருக்கும் முதலில் பல்தான் கொட்டியதாம். அஞ்சலை கணக்குப் போட்டுவிட்டார். நோய் திரும்பி வந்துவிட்டது, பல் அதற்கு அடையாளம். அதோடு பரிசோதனைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். போனால் அதையே மருத்துவர்கள் வாயால் கேட்க வேண்டியிருக்கும் என்ற பயம்.

இன்னொரு காரியமும் செய்திருந்தார். ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரே மகள் பவித்ராவை, கச்சிராயபாளையத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஏன் என்று பெண்ணிடம் சொல்லவில்லை.

"நா இல்லாம இருக்கறதுக்கு அது இப்பவே பழகிக்கட்டும்னுதாங்க," என்றார். அண்ணாமலை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரி நேரத்தில் நம் வாயில் முதலில் வருகிற சொல் 'ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்' என்பதுதான். எனக்கும் வந்தது. பற்களைப் பார்த்த மாத்திரத்தில் இது எதனால் என்று ஓரளவு புரிந்துவிட்டது. ஆனால் தொண்டையைப் பற்றி அந்த நிமிடத்தில் எனக்கு எதுவும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி ஆறுதல் தருவது, அந்தப் பெண்ணின் நிலையில், கொடுமை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

வாய்க்குள் கண்ணாடியை விட்டேன். அது கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. மெல்ல இழுத்தால் கன்னமும் கூடவே வந்தது. நாக்கு, வெயிலில் காய்ந்த சேற்றைப்போல் வெடிப்பு வெடிப்பாக இருந்தது. நாக்குக்கு அடியில் தேங்கி நிற்க வேண்டிய எச்சில் அறவே இல்லை. நூல்போல இழுபடுகிற கொஞ்சம் கோழைதான் இருந்தது. சொத்தை வழக்கமாகக் கடைசியில் தொடுகிற கீழ் முன்பற்கள்தான் அந்த வாயில் முதலில் போயிருந்தன. எச்சிலில் எந்நேரமும் நனைந்தே இருப்பதால்தான் அந்தப் பற்களுக்கு அவ்வளவு ஆயுள். நனைக்க எதுவும் இல்லையென்றால் அவற்றுக்கும் பாதுகாப்பு இல்லை.

கழுத்தையும், தாடைக்கு அடியிலும், நாக்கின் பின்பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு காது மூக்கு தொண்டைப் பிரிவு மருத்துவரிடம் நானே அழைத்துப் போனேன். அவர் குழாய்க் கேமராவை விட்டு நிதானமாகப் பார்த்தார். அதுவரை அஞ்சலை என் கையைப் பிடித்திருந்தார். பழைய இடம் தழும்பாக ஆறியிருக்கிறது, சந்தேகப்பட எதுவும் கண்ணில் படவில்லை என்று அந்த மருத்துவர் சொன்ன பிறகுதான் நான் பேசினேன்.

நோய் திரும்பியதற்கான அடையாளம் எதுவும் இல்லை. கட்டியை அழித்த அதே கதிர், வழியில் இருந்த எச்சில் சுரப்பிகளையும் கருக்கிவிட்டது. காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில் இருக்கிற அந்தச் சுரப்பிகள்தான் நாள் முழுக்க வாயைக் கழுவிக்கொண்டிருப்பவை. சாப்பாட்டில் மிஞ்சுவதைக் கிருமி புளிப்பாக மாற்றுகிறது, புளிப்பு பல்லை அரிக்கிறது. எச்சில் அந்தப் புளிப்பை முறித்து, அரித்த இடத்துக்குச் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பக் கொடுக்கிறது. எச்சில் நின்றுவிட்டால் அரிப்பு மட்டும்தான் நடக்கும். வருடக்கணக்கில் வருகிற சொத்தை மாதக்கணக்கில் வந்துவிடும். அதனால்தான் பல் போகிறது. இதையெல்லாம் அவர்களுக்குப் புரிகிறபடி சொன்னேன். அஞ்சலை நம்பவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன்.

அடுத்ததாக, வாய் காய்ந்தால் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். தண்ணீர் குடிப்பதாகச் சொன்னார். வேறு என்ன என்றேன். அவர் கணவரைப் பார்த்தார். அண்ணாமலை கையிலிருந்த பையைத் திறந்து காட்டினார். ஒரு பாக்கெட் நிறைய ஆரஞ்சு மிட்டாய்.

கதிர்வீச்சு முடிந்து ஊருக்குப் போன புதிதில், அஞ்சலைக்கு எதுவுமே ருசிக்கவில்லை. வாய் ஒட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. யாரோ கொடுத்த ஒரு புளிப்பு மிட்டாயைச் சப்பியபோது கொஞ்சம் ஈரம் ஊறியிருக்கிறது. அன்றிலிருந்து அண்ணாமலை மலையிலிருந்து எப்போது கீழே இறங்கினாலும் மிட்டாய் வாங்காமல் திரும்பியதில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் அஞ்சலையின் கன்னத்தில் ஒன்று இருக்கும். படுக்கும்போதும் ஒன்றை அடக்கிக்கொள்வார்.

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தெரியவில்லை. பாடப்புத்தகப் பதில் எளிது. இந்த மிட்டாய்தான் பல்லைத் தின்கிறது என்று சொல்லிவிடலாம். அது உண்மையும்கூட. ஆனால் மனைவி சாகப்போகிறாள் என்று நம்பிக்கொண்டு, அவளுக்காகத் தன்னால் முடிந்த ஒரே காரியத்தைச் செய்துவந்த மனிதர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். உண்மையை மறைக்கக் கூடாது. அதே நேரம் அதன் அளவைத் தாண்டியும் சொல்லக் கூடாது. எச்சில் இல்லாத வாயில் மிட்டாய் இல்லாவிட்டாலும் பல் கெட்டிருக்கும். மிட்டாய் அதை வேகப்படுத்தியது. இதுதான் சரியான அளவு. அந்த அளவிலேயே இருவரிடமும் சொன்னேன். இன்று முதல் இனிப்பு வேண்டாம், வாயை நனைக்கச் செயற்கை எச்சில் மாதிரி வேறு வழி இருக்கிறது என்றும் சொன்னேன்.

அண்ணாமலை பையை மூடினார். "நாந்தாங்க வாங்கிக்கினு போனேன்," என்றார். பையோடு வெளியே போய்விட்டார். நான் கூப்பிட எழுந்தேன். அஞ்சலை வேண்டாம் என்று கை காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணாமலை திரும்பி வந்தபோது கையில் பை இல்லை. அஞ்சலை அவரிடம், "அது இல்லன்னா நா அப்பவே பேச்சு மறந்திருப்பேன்," என்று சொன்னார். நான் சொல்லியிருந்தால் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு பலன் இருந்திருக்காது.

பரிசோதனைக்குத் திரும்பப் போக ஒப்புக்கொண்டார்கள். பல் வரிசைக்கு அச்செடுத்து, அதில் பொருந்துகிற மெல்லிய தட்டுகள் செய்து, தினமும் ஃபுளோரைடு பசை வைத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லித்தந்தேன். ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டியது அது. மீதி இருந்த பற்களில் அடைக்க முடிந்ததை அடைத்தேன். ஆனால் மகளை மட்டும் திரும்ப அழைத்துக்கொள்ளவில்லை. அடுத்த பரிசோதனையில் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அழைக்கலாம் என்று தள்ளிப்போட்டார் அஞ்சலை. மறுபடி ஆசை காட்டிவிட்டு மறுபடி அனுப்பும்படி ஆகிவிடக் கூடாது என்றார்.

மலையில் விதைப்பு நடந்துகொண்டிருந்த சமயத்தில் நெருக்கடி வந்தது. ஒரு நாள் காலை, வெளிநோயாளிகள் நிரம்பி வழிகிற நேரம். அஞ்சலையைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். இடது கன்னம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. காய்ச்சல். கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்றின் வேரில் சீழ் பிடித்திருந்தது. வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. அண்ணாமலையோடு அஞ்சலையின் தங்கை கணவர் முருகேசனும் வந்திருந்தார். கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிறவர், உரக்கப் பேசிப் பழகியவர்.

"ஆடற பல்லுங்க அது. புடுங்கிட்டா தீந்துச்சு. உளுந்தூர்பேட்டைல அஞ்சு நிமிஷத்துல புடுங்கி அனுப்புறான். இங்க இன்னாத்துக்கு இம்மா யோசன?"

அவர் கேட்டதில் தப்பில்லை. வேறு யாராக இருந்தாலும் சீழ் வைத்து ஆடுகிற பல்லை எடுப்பதுதான் வைத்தியம். கருவித் தட்டில் பல் பிடுங்கும் குறடு தயாராக இருந்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அஞ்சலையே என் கோட்டைப் பிடித்து இழுத்து, எடுத்துவிடச் சொல்லிச் சைகை காட்டினார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்க வேண்டும். கதிர் சுரப்பியை மட்டும் சுடுவதில்லை. தாடை எலும்புக்குள் ஓடுகிற மெல்லிய இரத்தக் குழாய்களையும் சுருக்கிவிடுகிறது. கீழ்த்தாடை ஏற்கெனவே கெட்டியான, இரத்தம் குறைவாக ஓடுகிற எலும்பு. அங்கே பல்லைப் பிடுங்கிய குழி மூடாமலே போகலாம். எலும்பு வெளியே தெரியும், செத்துப்போகும், ஒரு நாள் தாடையே முறியும். இது வருடங்கள் கழித்தும் நடக்கும். கதிர் எடுத்தவருக்குப் பல் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கதிர் எங்கே விழுந்தது, எவ்வளவு விழுந்தது என்று தெரியாமல் எடுக்கக் கூடாது.

அஞ்சலைக்குச் சிகிச்சை தந்த கதிர்வீச்சு மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்கப் பார்த்தேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். முருகேசன் வண்டியைக் கொண்டுவரப் போவதாகச் சொல்லி வாசலுக்கு நடந்தார். அவர் அழைத்துப் போயிருந்தால் என்னால் தடுத்திருக்க முடியாது. கடைசியில் அந்த மருத்துவர் பேசினார். நான் சொன்ன பல்லின் இடத்தைக் கேட்டதும் அவர் குரல் மாறிவிட்டது. இடப்பக்கக் கீழ்த்தாடையின் பின்பகுதி முழு அளவு கதிர் வாங்கிய இடம், முடிந்தவரை அந்த எலும்பைத் தொடாதீர்கள் என்றார்.

கதவைச் சாத்திவிட்டு அஞ்சலையிடம் மட்டும் பேசினேன். எடுத்தால் என்ன ஆகலாம் என்று சொன்னேன். எடுக்காமல், பல்லின் தலையில் துளை போட்டு உள்ளேயிருக்கும் சீழை அந்த வழியாகவே வெளியேற்றலாம், பிறகு வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து அடைத்து, பல்லின் மேல்பாகத்தை ஈறு மட்டத்தில் சீவிவிட்டு, வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடலாம் என்றேன். பல முறை வர வேண்டியிருக்கும். வாய் திறக்காத நிலையில் சிரமமான வேலை.

அவர் தண்ணீரில் வாயை நனைத்துக்கொண்டு கேட்டார். "வலி இன்னைக்கே போய்டுங்களா?"

"கம்மியாகும். முழுசாப் போகச் சில நாள் ஆகும். மரப்பு ஊசியும் இந்தச் சீழுல சரியா வேலை செய்யாது. கொஞ்சம் தாங்கிக்கணும்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அன்னைக்கும் பாத்துட்டுதான் சொன்னீங்க," என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, திறந்த அளவுக்கு வாயைத் திறந்தார்.

முருகேசன் திரும்பி வந்தபோது வேலை தொடங்கியிருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணாமலை அவர் தோளில் கை வைத்து வெளியே கூட்டிப் போனார். துளை உள்ளே இறங்கியதும் அழுத்தத்தில் இருந்த சீழ் பீறிட்டு வந்தது. அஞ்சலையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. எச்சில் வற்றினாலும் கண்ணீர் வற்றவில்லையே என்று அந்த நேரத்தில் எனக்கு ஏன் தோன்றியதோ தெரியவில்லை. அவரை உள்நோயாளியாகச் சேர்த்து, ஊசி மருந்து கொடுத்தோம். வீக்கம் மறுநாள் வடியவில்லை. பல்லை எடுக்காதது பிடிவாதமோ என்று பல முறை என்னையே கேட்டுக்கொண்டேன். அதற்கடுத்த நாள்தான் கன்னம் இளகத் தொடங்கியது.

வேர்ச் சிகிச்சை முடிய வெகு நாளானது. மழையில் மலைப்பாதையில் பஸ் நின்றுபோன ஒரு நாளைத் தவிர அவர்கள் ஒரு முறையும் வராமல் இருந்ததில்லை. அந்தப் பல் இப்போது இல்லை. வேர் மட்டும் ஈறுக்கு அடியில் இருக்கிறது. பிறகும் பல பற்கள் அதே வழியில் போயின. எல்லாவற்றையும் காப்பாற்றினேன் என்று சொல்ல மாட்டேன். மேல்வரிசையில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் தாடை முழுசாக இருக்கிறது. களியும் குழம்பும் சாப்பிடுகிறார். கதிர் தொடங்கும் முன்பே ஒரு பல் மருத்துவர் அந்த வாயைப் பார்த்து, கெட்டதை எடுத்து, ஆற அவகாசம் கொடுத்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. தொண்டை அடைத்துக்கொண்டிருந்த அவசரத்தில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. உங்களுக்கு அந்த நேரம் கிடைக்கும்போது நழுவ விடாதீர்கள்.

அடுத்த பரிசோதனையிலும் தொண்டை சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பவித்ரா விஷயத்தை அஞ்சலை என்னிடம் மறுபடி எடுத்தார். கூப்பிட்டால் பெண் வர மறுக்கிறாளாம். தன்னை வேண்டாமென்று தள்ளிவிட்டதாகவே அவள் நினைத்துவிட்டாள். பார்க்கப் போனாலும் அம்மாவோடு பேசுவதில்லை. எப்படிச் சொல்வது என்று தனக்குத் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்றார். அது என் வேலை இல்லை என்று ஒரு நொடி நினைத்தேன். ஒருமுறை கூட்டி வரச் சொன்னேன்.

முருகேசன்தான் அவளை அழைத்துவந்து விட்டுவிட்டுப் போனார். பவித்ரா பள்ளிச் சீருடையில் கதவோரம் நின்றாள். நான் நீளமாக எதுவும் பேசவில்லை. பக்கத்தில் வரச் சொல்லி, விளக்கைத் திருப்பி, அம்மாவின் வாயைப் பார்க்கச் சொன்னேன். அஞ்சலை தயங்கினார். பிறகு திறந்தார். சீவிவிட்ட பற்கள் இருந்த இடத்தையும், அடைத்த பற்களையும், காய்ந்த நாக்கையும் காட்டினேன். இது எதனால் ஆனது, அம்மா இதை என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தார், அதனால் என்ன செய்தார் என்று சொன்னேன். இப்போது அந்த நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை என்பதையும் சொன்னேன்.

அவள் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வலிக்குதாம்மா?" என்றாள்.

அஞ்சலை இல்லையென்று தலையாட்டினார். "செத்துப்போய்டுவேன்னு நெனச்சிக்கினு இருந்தேண்டி."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

பவித்ரா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, தன் புத்தகமெல்லாம் சித்தி வீட்டில் இருக்கிறது என்றாள்.

அன்று மூவரும் கச்சிராயபாளையத்தில் இறங்கி, அவளுடைய புத்தகத்தையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மலையேறியதாக, அடுத்த முறை வந்தபோது அண்ணாமலை சொன்னார்.